அச்சேறாத கடிதங்களும் ஒரு பங்கசின் வரலாறும்

பத்திரிகை அலுவலகங்களில் கோவைகள் பலவிதம். பிரசுரத்திற்கு உரியவை, பிறகு பார்க்கவேண்டியவை, திருப்பி அனுப்பவேண்டியவை என்று அவற்றின் மேலே எழுதப்பட்டிருக்கும். எதுவுமே எழுதப்படாத கோவை ஒன்றும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அதற்குள் போன கடிதம் மீண்டு வந்ததாக என் அனுபவத்தில் இல்லை.

1990களின் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டில் உதவி ஆசிரியனாக இருந்தேன். வாரமலரில் மருத்துவக் கேள்வி பதில் பகுதி ஒன்று வெளியாகும். பதில் எழுதுபவர் ஒரு வைத்தியர். வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்து, பொறுக்கி, எழுத்துப்பிழை திருத்தி அவருக்கு அனுப்புவது என் வேலை. நீரிழிவு, மூட்டுவலி, முடி கொட்டுதல், தூக்கமின்மை என்று கடிதங்கள் வந்து குவியும். ஒவ்வொரு வாரமும் அவற்றினிடையே இரண்டு மூன்று கடிதங்கள் பெண்களிடமிருந்து வரும். பெயர் இராது. கையெழுத்து மட்டும் திருத்தமாக இருக்கும். வெள்ளைபடுகிறது, தாங்கமுடியாத கடியாக இருக்கிறது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

முதல் வாரமே அத்தகைய கடிதம் ஒன்றை நான் தெரிவுசெய்து அனுப்பப்போக, மூத்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது குடும்பப் பத்திரிகை. பிள்ளைகளும் படிக்கிறார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து அக்கடிதங்கள் பெயரில்லாத கோவைக்குள் போயின.

அவற்றுள் ஒன்று மட்டும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதப்பட்டது. எழுதியவர் ஓர் ஆசிரியை. மூன்று ஆண்டுகளாக இந்தத் தொல்லை என்றும், பாமசியில் ஒரு களிம்புக் குழாய் தருவார்கள் என்றும், ஆரம்பத்தில் இரண்டு நாளில் சுகம் கிடைத்தது என்றும், இப்போது எத்தனை குழாய் பூசினாலும் பலனில்லை என்றும் எழுதியிருந்தார். கணவர் தன்னைச் சந்தேகக் கண்கொண்டு பார்க்கிறார் என்று ஒரு வரி. அதன்பின் ஒரே ஒரு கேள்வி: "இது என்ன நோய் என்று பரிசோதித்துப் பார்த்துச் சொல்ல ஏதும் வழி இருக்கிறதா?"

அந்தக் கேள்வியையும் நான் கோவைக்குள்தான் வைத்தேன்.

சென்ற ஆண்டு என் தங்கையின் மகளைப் பார்க்க அவள் வேலைசெய்யும் ஆய்வுகூடத்திற்குப் போயிருந்தேன். மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் அவள். வேலை முடியும்வரை காத்திருந்த என்னிடம், "வந்து இதைப் பாருங்கோ மாமா" என்று நுணுக்குக்காட்டியைக் காட்டினாள். முட்டைவடிவான சிறு கலங்கள் தெரிந்தன. சிலவற்றிலிருந்து மெல்லிய வால் போன்ற ஒன்று நீண்டிருந்தது, ஊறவைத்த பயறு முளைவிட்டாற் போல. "முளைக்குழாய். இதைக் கண்டால் இது அல்பிகன்ஸ் எண்டு அநேகமாகச் சொல்லிடலாம். முளைக்காட்டில் வேறை இனம். மருந்தும் மாறலாம்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இதின்ர சகோதரங்கள் ரெண்டுக்குக் கொழும்பில இருந்த ஒராள்தான் பேர் வைச்சவர், தெரியுமோ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் படித்தது வரலாறு. விஞ்ஞானம் பத்தாம் வகுப்போடு என்னைக் கைவிட்டுவிட்டது. ஆனால் கொழும்பில் யாரோ எதற்கோ பெயர் வைத்தார் என்றால் அது வரலாறு. அதைத் தேடிப் போனேன். அந்தத் தேடலின் வழியில் ஆசிரியையின் கேள்விக்கு விடையும் கிடைத்தது.

வெள்ளைக்கு வைத்த பெயர்கள்

குழந்தைகளின் வாயில் படியும் வெள்ளை மாவைப் பண்டைய கிரேக்க வைத்தியர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது ஓர் உயிரினம் என்பது நுணுக்குக்காட்டி வைத்தியர்களின் கைக்கு வரும்வரை எவருக்கும் தெரியாது. 1839இல் ஜேர்மன் வைத்தியரான பேர்ன்ஹாட் வொன் லாங்கன்பெக், ரைபஸ் காய்ச்சலில் இறந்த ஒருவரின் வாயிலும் தொண்டையிலும் ஒரு பங்கசைக் கண்டார். ரைபஸ் நோயின் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டதாக எண்ணினார். கண்டது சரி, கணித்தது பிழை. நோயால் மெலிந்த உடலில் அந்தப் பங்கசு வாய்ப்பைப் பயன்படுத்திப் பெருகியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் சுவீடனின் பிரெட்ரிக் பேர்க், குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு இப்பங்கசுதான் காரணம் என்று நிறுவினார்.

பெண்களின் நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1849இல் வெளிவந்தது. இலண்டனின் லான்செற் மருத்துவ இதழில் வில்கின்சன் என்ற வைத்தியர், கருப்பைசார் கசிவில் கண்ட ஒரு "தாவர வளர்ச்சி" பற்றி எழுதினார். அக்காலத்தில் பங்கசுகளைத் தாவரங்களோடு சேர்த்தே எண்ணினார்கள். இந்த நோய்க்கு எழுத்திலான ஆவணம் கிடைத்தது அன்றுதான். அதற்கு முந்திய ஆயிரமாயிரம் ஆண்டுகளில் பெண்கள் இதை அனுபவித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. எழுதிவைக்க ஆள் இருக்கவில்லை.

1853இல் பிரான்சின் சார்ள்ஸ் றொபின் இதற்கு ஒயிடியம் அல்பிகன்ஸ் என்று பெயரிட்டார். 1890இல் சொப்ஃப் என்பவர் மொனிலியா அல்பிகன்ஸ் என்றார். பழைய வைத்தியர்கள் இந்நோயை 'மொனிலியாசிஸ்' என்று சொல்லக் கேட்டிருப்பவர்களுக்கு அச்சொல்லின் ஊற்று இதுதான். 1923இல் ஒல்லாந்தின் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரீன் பேர்க்கவுற் என்ற பெண்மணி தம் கலாநிதிப் பட்ட ஆய்வில் மனித உடலில் வாழும் இவ்வகை மதுவங்களை மரங்களில் வாழும் மொனிலியாக்களிலிருந்து பிரித்து, 'கன்டிடா' என்ற புதிய பேரினத்தை உருவாக்கினார். 1954இல் பாரிஸில் கூடிய தாவரவியல் மாநாடு அப்பெயரை உறுதிசெய்தது.

கன்டிடா என்றால் இலத்தீனில் வெண்மையானது. அல்பிகன்ஸ் என்றால் வெளுப்பது. ஆக, 'வெளுக்கின்ற வெள்ளை.' பழைய உரோமில் பதவி வேண்டித் தேர்தலில் நின்றவர்கள் சுண்ணம் பூசி வெளுத்த மேலாடை அணிந்தார்கள். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இந்தக் கன்டிடாவும் ஒரே வேரில் பிறந்தவை. முப்பது ஆண்டுகளாகத் தேர்தல் மேடைகளில் வெள்ளை வேட்டிகளையும் வெள்ளைச் சட்டைகளையும் பார்த்து எழுதிய எனக்கு இந்தச் சொல்லாராய்ச்சி தந்த மகிழ்ச்சியை வாசகர்கள் மன்னிக்கவேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்வரை சாதுவாக இருந்து, கிடைத்ததும் பெருகுவது இருவருக்கும் பொது.

கொழும்பில் ஓர் இத்தாலியர்

இனி, மருமகள் சொன்ன ஆளுக்கு வருவோம். அவர் பெயர் அல்டோ கஸ்தெல்லானி. 1874இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். 1902இல் பிரித்தானியக் குழுவொன்றோடு உகண்டாவுக்குச் சென்று, தூக்கநோயாளரின் முள்ளந்தண்டுப் பாய்பொருளில் திரிபனோசோம் ஒட்டுண்ணியைக் கண்டவர். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் டேவிட் புரூஸ் என்பவரோடு அவருக்கு ஏற்பட்ட சச்சரவு நெடுங்காலம் நீடித்தது.

1903இல் இலங்கை அரசாங்கம் அவரைக் கொழும்புக்கு அழைத்தது. 1915 வரை இங்கே இருந்தார். 1905இல், நம் கிராமங்களை அக்காலத்தில் உருக்குலைத்துக்கொண்டிருந்த பறங்கிப்புண்ணுக்குக் காரணமான சுருளியுயிரைக் கண்டறிந்தார். 1910இல், கொழும்பு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அல்பேட் சாமர்சுடன் சேர்ந்து அவர் எழுதி வெளியிட்ட வெப்பவலய மருத்துவக் கைந்நூல் உலகெங்கும் பயன்பட்டது. தோற்பங்கசுக்குப் பூசும் செந்நிற மருந்து ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

கொழும்பில் அவருக்கு வந்த நோயாளர்களில் நீடித்த இருமல்காரர் பலர். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடினால் கிடைக்காது. பதிலாக மதுவம் போன்ற பங்கசுகள் கிடைத்தன. தேயிலைத் தூசியிடையே வேலைசெய்தவர்களுக்கும் தேயிலைச் சுவைஞர்களுக்கும் வரும் இருமலையும் அவர் இதனோடு இணைத்து எழுதினார். சளியில் பங்கசு இருப்பதாலேயே அதுதான் நோய் என்று முடிவுகட்ட முடியாது என்பது இன்றைய நிலைப்பாடு. லாங்கன்பெக் ரைபஸில் செய்த பிழையின் நிழல் இங்கேயும் விழுந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கஸ்தெல்லானி சரியாகச் செய்தார். எல்லாம் ஒன்றுபோல் வெள்ளையாகத் தோன்றினாலும் எல்லாம் ஒன்றல்ல என்று கண்டார். எந்தெந்தச் சீனியைப் புளிக்கவைக்கிறது, எதில் வாயு வருகிறது என்று பார்த்து இனம்பிரித்தார். அவ்வாறு அவர் கொழும்புக் காலத்தில், 1910இல் பெயரிட்டவற்றுள் இரண்டுதான் பின்னாளில் கன்டிடா ட்ரொபிக்காலிஸ், கன்டிடா குரூசி என்று அறியப்பட்டன.

குரூசி என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். இன்று பாமசிகளில் கிடைக்கும் பிரபலமான பங்கசு மாத்திரை ஒன்றுக்கு அது பிறவியிலேயே கட்டுப்படாதது. அந்த மாத்திரை பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு அடங்காத இனத்துக்குப் பெயர் வைத்தாயிற்று.

கஸ்தெல்லானியின் பிற்கால வாழ்வு பெருமைக்குரியதல்ல. முசோலினியின் எதியோப்பியப் படையெடுப்பில் இத்தாலிய இராணுவ மருத்துவ சேவைக்குத் தலைமை தாங்கினார். போருக்குப் பின் நாடிழந்த இத்தாலிய அரச குடும்பத்தோடு போர்த்துக்கல் சென்று, 1971இல் லிஸ்பனில் காலமானார். புகழ்ந்து எழுதவும் முடியாது, மறந்துவிடவும் முடியாது என்ற வகையைச் சேர்ந்த மனிதர்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

நோய்க்குப் பெயர் கிடைத்தாலும் நெடுநாளாக மருந்து கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெண்களுக்குக் கிடைத்தது ஜென்சன் வயலற் என்ற ஊதாச் சாயம். ஓரளவு பலன் தந்தது. ஆனால் உடுத்த துணியையெல்லாம் கறைப்படுத்தியது. மறைக்க நினைத்த நோயைக் கொடிக்கயிற்றில் காயும் துணி ஊருக்குச் சொல்லிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பென்சிலினும் ஏனைய நுண்ணுயிர்க்கொல்லிகளும் பரவியபோது இந்நோய் மேலும் பெருகியது. யோனியில் வாழும் இலக்ரோபசிலசு என்ற நல்ல பற்றீரியாக்கள் இலக்ரிக் அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைக் காக்கின்றன. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து அவற்றையும் கொல்லும், பங்கசைத் தொடாது. காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

இதற்கு வழிகண்டவர்கள் இரு பெண்கள். எலிசபெத் ஹேசன் 1885இல் மிசிசிப்பியில் பிறந்து சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். றேச்சல் பிறவுன் 1898இல் பிறந்த இரசாயனவியலாளர். இருவரும் நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்கள ஊழியர்கள். ஹேசன் நியூயோர்க் நகரிலும், பிறவுன் இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் அல்பனியிலும் இருந்தார்கள். 1948இல் கூட்டாக வேலை தொடங்கினார்கள். ஹேசன் பல இடங்களின் மண்ணிலிருந்து நுண்ணங்கிகளை வளர்த்து, பங்கசைத் தடுப்பவற்றைத் தேர்ந்து, கண்ணாடிச் சாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிறவுன் அதிலுள்ள மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து மீண்டும் தபாலில் அனுப்புவார். ஹேசன் அதை எலிகளில் சோதிப்பார். பெரும்பாலானவை பங்கசோடு எலியையும் கொன்றன.

கடைசியில் பலன் தந்த மண், ஹேசனின் நண்பர்களான நோர்ஸ் குடும்பத்தினரின் வேர்ஜீனியாப் பண்ணையிலிருந்து வந்தது. அதிலிருந்த நுண்ணங்கிக்கு அவர்கள் பெயரையே வைத்தார்கள். 1950இல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். நியூயோர்க் ஸ்ரேற் என்பதைச் சுருக்கி மருந்துக்கு நிஸ்ரற்றின் என்று பெயர் வந்தது. 1954இல் விற்பனைக்கு வந்தது. உரிமக் காப்புத் தொகையாகக் கிடைத்தது 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கும் மேல். அதில் ஒரு சதமேனும் இருவரும் தமக்கென எடுக்கவில்லை. முழுவதும் ஆராய்ச்சிக்கே போயிற்று. 1966இல் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கி ஓவியங்களில் பூஞ்சணம் பிடித்தபோது, அதை அகற்றவும் நிஸ்ரற்றின் பயன்பட்டது. கஸ்தெல்லானி பிறந்த ஊர் என்பதை நினைத்துக்கொண்டேன்.

இலகுவான மாத்திரையும் அதன் விலையும்

நிஸ்ரற்றின் பங்கசுக் கலத்தின் மென்சவ்விலுள்ள எர்கொஸ்டெரோல் என்ற பொருளைப் பற்றிப்பிடித்துத் துளையிடும். மனிதக் கலத்தில் எர்கொஸ்டெரோல் இல்லை. பங்கசும் நாமும் ஒரே மாதிரியான கலத்தால் ஆனவர்கள். ஆகையால் அதை மட்டும் கொல்லும் மருந்து கிடைப்பது அரிது. கிடைத்த சில வேறுபாடுகளில் முக்கியமானது இது.

1969இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியிலிருந்து குளோற்றிமசோலும் பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வுகூடத்திலிருந்து மைக்கொனசோலும் அறிவிக்கப்பட்டன. இவை 'அசோல்' குடும்பம். மென்சவ்வில் துளையிடுவதற்குப் பதிலாக, எர்கொஸ்டெரோலை ஆக்கும் நொதியத்தைத் தடுப்பவை. 1980களில் இங்கிலாந்தின் சான்ட்விச் நகரில் பைசர் கம்பனியின் ஆய்வுகூடத்தில் கென்னத் றிச்சர்ட்சன் தலைமையிலான குழு புளூகொனசோலை உருவாக்கியது. 1990இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. 1994இல் யோனிக் கன்டிடாவுக்கு 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. அதற்கு முன்னரே, 1990இல், குளோற்றிமசோல் களிம்பை வைத்தியரின் துண்டின்றி வாங்கவும் அங்கே அனுமதி வந்திருந்தது.

பெண்களுக்கு இது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. யாரிடமும் சொல்லவேண்டியதில்லை, கூசவேண்டியதில்லை. ஆனால் அந்த இலகுவுக்கு ஒரு விலை இருந்தது. பரிசோதனை மறைந்தது. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தமக்கு இந்நோய்தான் என்று தாமே முடிவுசெய்து மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்தார்கள். உண்மையில் கன்டிடா மட்டும் இருந்தது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கே. மற்றவர்களுக்குப் பற்றீரியாத் தொற்று, கலப்புத் தொற்று, வேறு நோய், அல்லது எதுவுமேயில்லை.

இனி மருந்தெதிர்ப்பு. புளூகொனசோல் கன்டிடாவைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்திவைக்கிறது. எஞ்சியவற்றை உடல்தான் தீர்க்கவேண்டும். நிறுத்திவைக்கப்பட்ட பங்கசுக்குத் தப்ப வழிதேட அவகாசம் இருக்கிறது. நொதியத்தை ஆக்கும் ஈஆர்ஜி-11 என்ற பரம்பரையலகில் சிறு விகாரம் ஏற்பட்டால் மருந்து அதில் சரியாகப் பொருந்தாது. அல்லது அந்த நொதியத்தையே அளவுக்கதிகமாக ஆக்கிவிடும். அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கும் புரதப் பம்பிகளைப் பெருக்கிக்கொள்ளும். தோணிக்குள் வரும் நீரை இறைத்துக்கொட்டுவது போன்றது இது. எயிட்ஸ் நோயாளரின் வாய்ப்புண்ணுக்கு மாதக்கணக்கில் புளூகொனசோல் கொடுக்கப்பட்ட 1990களில் இவை தெளிவாகத் தெரியவந்தன. யோனிநோயில் அல்பிகன்ஸ் இனம் எதிர்ப்புக் காட்டுவது அரிது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2012இல் டெற்றோயிற் நகரின் ஜக் சோபெல் குழுவினர், புளூகொனசோலுக்கு அடங்காத அல்பிகன்ஸ் கொண்ட 25 பெண்களைப் பற்றி எழுதினார்கள். முன்னர் அம்மருந்தை மீண்டும் மீண்டும் எடுத்தமை அங்கே முக்கிய பின்னணி.

அல்பிகன்சுக்கு அடுத்தபடியாகப் பல நாடுகளில் காணப்படுவது கிளபிறாற்றா. அசோல்களின் சக்தியை எளிதில் மழுங்கடிப்பது. குரூசியைப் பற்றி முன்னரே சொன்னேன். அண்மைக்காலப் பரம்பரையலகு ஆய்வுகளால் இவற்றின் பெயர்களும் மாறிவிட்டன. கிளபிறாற்றா இப்போது நக்கசியோமைசிஸ், குரூசி இப்போது பிச்சியா. கொழும்பில் வைத்த பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்று, பிறகு அழிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பங்கசுகளின் முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. அல்பிகன்ஸ் முதல் வரிசையில், கிளபிறாற்றாவும் ட்ரொபிக்காலிசும் இரண்டாம் வரிசையில், குரூசி மூன்றாம் வரிசையில். பட்டியல் முதன்மையாக உடலின் உட்பகுதிகளைத் தாக்கும் தொற்றுகளை எண்ணித் தயாரிக்கப்பட்டதுதான். ஆனால் உயிரினங்கள் அவையேதான்.

ஆசிரியையின் கேள்விக்கு விடை

பரிசோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருந்தது. 1990களில் மட்டுமல்ல, அதற்கு வெகு முன்னரும் இருந்தது.

முதலில் ஒரு பஞ்சுக்குச்சியில் எடுத்த கசிவின் அமிலத்தன்மையை ஒரு தாள்துண்டால் பார்க்கலாம். கன்டிடா என்றால் பீ.எச். பெறுமானம் வழக்கமாக 4.5க்கு மேற்போகாது. பற்றீரியாச் சமநிலைக் குலைவிலும் திரைக்கோமோனசு ஒட்டுண்ணியிலும் அது பெரும்பாலும் கூடியிருக்கும். அடுத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இட்டு 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விடவேண்டும். உடற்கலங்கள் கரைந்துபோகும், பங்கசின் இழைகளும் அரும்புகளும் நிற்கும். சில நிமிட வேலை. ஆனால் நோயுள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் இது தவறவிடும். தட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயில்லை என்று ஆகாது.

ஆகையால் திரும்பத் திரும்ப வரும் நோயில் வளர்த்துப் பார்க்கவேண்டும். பாரிஸின் தோல்நோய் வைத்தியர் றேமோன் சபுறோ பெயரில் வழங்கும், சீனியும் அமிலத்தன்மையும் கொண்ட ஏகார் ஊடகத்தில் இரண்டு மூன்று நாளில் பால்வெள்ளைக் குடியிருப்புகள் எழும். அவற்றைச் சீரம் எனப்படும் குருதி நீர்ப்பாயத்தில் இட்டு 37 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று மணிநேரம் வைத்தால் அல்பிகன்ஸ் முளைவிடும். 1956இலும் 1960இலும் வெளிவந்த ஆய்வுகள் தந்த எளிய சோதனை இது. மருமகள் எனக்குக் காட்டியது அதைத்தான். 1994இல் வந்த நிற ஊடகம் இன்னும் சுலபம். அல்பிகன்ஸ் பச்சையாகவும் ட்ரொபிக்காலிஸ் நீலமாகவும் குரூசி இளஞ்சிவப்பாகவும் வளரும். கஸ்தெல்லானி சீனிகளை வைத்துப் பிரித்தவற்றை இன்று கிண்ணத்தின் நிறம் பிரித்துக் காட்டுகிறது.

எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்கும் என்று அளக்கும் ஒழுங்கான முறை 1997இல்தான் அமெரிக்காவில் நிலைநாட்டப்பட்டது. அதிலும் ஒரு குறை. சோதனை நடப்பது நடுநிலையான பீ.எச். 7இல். யோனியிலோ அது 4 அளவில். அந்த அமிலத்தில் கிளபிறாற்றாவுக்கு எதிரான அசோல்களின் வலு வெகுவாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாளில் 'அடங்கும்' என்று வந்த பங்கசு உடலில் அடங்காமற் போகலாம். அறிக்கையையும் நோயாளியையும் சேர்த்துப் படிக்கும் வைத்தியர் தேவை.

வேறொன்றும் உண்டு. எந்த நோயும் இல்லாத பெண்களில் பத்துக்கு ஒருவர் இருவரிடம் கன்டிடா சாதுவாக வாழ்கிறது. அதனால் வளர்ந்தது என்பதற்காக மட்டும் மருந்து கொடுப்பதும் பிழை. லாங்கன்பெக்கின் ரைபஸ் பாடம் இங்கேயும் செல்லும்.

ஆண்டில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தால் அதைத் தனியாகக் கவனிக்கவேண்டும். 2004இல் சோபெல் குழுவினர், அடங்கக்கூடிய இனம் என்றால் வாரம் ஒரு புளூகொனசோல் வீதம் ஆறு மாதம் கொடுத்து, அந்த ஆறு மாதமும் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் திரும்பவில்லை என்று காட்டினார்கள். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது அரைவாசிக்கும் குறைவானோரே நோயின்றி இருந்தார்கள். அடக்குவது வேறு, ஒழிப்பது வேறு. கிளபிறாற்றாவுக்கு, வைத்தியரின் மேற்பார்வையில், போரிக் அமிலம் என்ற பழைய பொருளை யோனியில் வைப்பதுண்டு. வாயால் உட்கொண்டால் அது நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு வாய்வழி மாத்திரை தவிர்க்கப்பட்டு, பூசும் மருந்தே ஒரு வாரத்துக்குக் கொடுக்கப்படுகிறது. 2021இலும் 2022இலும் அமெரிக்கா இரு புதிய மருந்துகளை அங்கீகரித்தது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாதவை. நீரிழிவு இருக்கிறதா என்று பார்ப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

கணவரின் சந்தேகத்துக்கும் மருத்துவத்திடம் பதில் இருந்தது. இது பொதுவாகப் பாலுறவால் பெறப்படும் நோயாகக் கருதப்படுவதில்லை. அவளுடைய உடலிலேயே அமைதியாக இருந்த ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி எடுத்ததாலோ கர்ப்பத்தாலோ நீரிழிவாலோ, சிலவேளை எக்காரணமும் தெரியாமலோ பெருகியிருக்கிறது. அவள்மீது எந்தப் பிழையும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் அன்று அச்சிட்டிருந்தால் எத்தனை வீடுகளில் அது வாசிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

உலகில் ஆண்டுதோறும் 13 கோடியே 80 இலட்சம் பெண்கள் இந்நோய் திரும்பத் திரும்ப வந்து அல்லலுறுவதாக 2018இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இலங்கையின் சனத்தொகையைப் போல் ஆறு மடங்கு. இவ்வளவு பேரின் துன்பம் பத்திரிகைக்கு உகந்ததல்ல என்று முடிவெடுத்த மேசையில் நானும் இருந்தேன். அன்றைய மூத்தவரை நான் குறைகூற மாட்டேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தவன் நான்தான். மருந்தெதிர்ப்பு என்று விஞ்ஞானிகள் சொல்வது ஆய்வுகூடத்தில் பிறப்பதில்லை. கேட்கக் கூசி, சொல்லக் கூசி, சோதிக்காமல் வாங்கிய களிம்பிலும் மாத்திரையிலும் அதன் ஒரு பகுதி பிறக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு நாங்கள் காவல் நின்றோம்.

அந்த ஆசிரியை இன்று ஓய்வுபெற்றிருப்பார். இந்தப் பக்கம் அவர் கண்ணில் படுமோ தெரியாது. அவருடைய மாணவிகளில் ஒருத்தியின் கண்ணிலாவது படட்டும். வழி இருக்கிறது, அம்மா. ஒரு பஞ்சுக்குச்சியும் ஒரு கண்ணாடித் தட்டும் போதும், தொடங்குவதற்கு. பாமசிக்குப் போகுமுன் ஒருமுறை ஆய்வுகூடத்துக்குப் போங்கள். முப்பது ஆண்டுகள் பிந்திய பதில் இது. பிந்தியமைக்கு மன்னியுங்கள்.